கிளட்ச் மேல் இருந்த கால்

மணி,

முந்தாநாள் போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "இரு, அம்மா பேசணுமாம்" என்று போனை அவள் கையில் திணித்துவிட்டேன். அம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷமும் அம்மன் கொடை ஊர்வலத்துக்கு நான்தான் வண்டி ஓட்ட வேண்டும் என்று நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. வந்திருந்தால் வழக்கம்போல் எதையாவது கத்தி வைத்திருப்பேன், நீயும் வழக்கம்போல் "டென்ஷன் ஆகாதீங்கப்பா" என்று போனை வைத்திருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், கடை போர்டு படிக்க வரும். ஆனால் இவ்வளவு நீளத்தை நீ எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் கொடையே முடிந்துவிடும். செல்வியிடம் கொடு. ஊரில் தமிழ் மீடியத்தில் படித்த மருமகள், கடகடவென்று வாசித்துவிடுவாள். செல்வி, நடுவில் இவன் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் நீ நிறுத்தாதே அம்மா, படித்துக்கொண்டே போ.

நீங்கள் இரண்டு பேரும் செம்பூருக்குக் குடிபோன பிறகு, நம் சந்து முனையில் உன் பிக்கப் வண்டி நின்ற இடத்தில் யார் யாரோ பைக்கை நிறுத்துகிறார்கள். நான் போய் விரட்டுகிறேன். "மாமா, வண்டிதான் இங்க இல்லியே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் விரட்டுகிறேன். அந்த இடத்தைக் காலியாகப் பார்த்தால்தான் எனக்கு வண்டி வந்த நாள் ஞாபகத்துக்கு வருகிறது. ஷோரூம்காரன் சாவியை உன் கையில் கொடுத்தான், நீ அதைப் பையில்கூடப் போடாமல் அப்படியே என்னிடம் நீட்டினாய். என் ஆயுசு முழுக்க அடுத்தவன் வண்டியை ஓட்டியவன் நான். சாயங்காலமானால் சாவியை ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவன். அன்றைக்கு செம்பூரிலிருந்து தாராவி வரை ஒரு பள்ளத்தில்கூட இறங்காமல் சுற்றிச் சுற்றி ஓட்டிவந்தேன். பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான். நீ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நயி காடி ஹை பாய்", புது வண்டி அண்ணே, என்று ஒவ்வொருவனிடமும் கைகூப்பிக்கொண்டே வந்தாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுகையைத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் ஓட்டியது அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ் என்று உனக்குத் தெரியும். வாடகைக்கு விட்டிருந்த ஒரு சேட்டின் பஸ். காலையில் ஏறுகிறவர்கள் எல்லாம் பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள், ஏறின உடனே ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். அந்தத் தலைகளில் ஒன்றுகூடக் கண்ணாடியில் இடிக்கக் கூடாது என்பதுதான் என்னுடைய பரீட்சை. யாரும் வைத்த பரீட்சை இல்லை, நானே வைத்துக்கொண்டது. வண்டி நகர்ந்ததும் தெரியக் கூடாது, நின்றதும் தெரியக் கூடாது. நெரிசலில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே, எண்ணெய் ஊற்றுகிற மாதிரி நகர்த்துவேன். இடது கால் அந்தப் பெடலை விட்டு இறங்கியதே கிடையாது. கிளட்ச் தேய்ந்தால் சேட் மாற்றிக்கொள்வான், முணுமுணுப்பான், எனக்கென்ன. நீ கைப்பிள்ளையாக இருந்தபோது நம் ஒற்றை அறையில், மேலே தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தில் தூங்கவே மாட்டாய். அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிடுவாள். காலி பஸ்ஸை ஷெட்டில் கொண்டுபோய் விடுகிற அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் நீ தூங்கிப்போவாய். வண்டி நின்ற பிறகும் விழிக்க மாட்டாய். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளையைத் தூங்கவைத்தது அம்மாவின் மடி இல்லை, என்னுடைய கிளட்ச் என்று சொல்வேன். அம்மா முறைப்பாள்.

அப்படிப்பட்டவனிடம் கொடைக் கமிட்டிக்காரர்கள் வந்து கேட்டால் என்ன ஆகும்? அதுவரை வருஷா வருஷம் வாடகை டெம்போவில்தான் நம் தெரு அம்மன் ஊர்வலம் வருவாள். அந்த டிரைவர் பையன்கள் நடை வேகத்துக்கு வண்டியைக் கொண்டுவரத் தெரியாமல் டக்கென்று விடுவார்கள், டக்கென்று பிடிப்பார்கள். அம்மன் முன்னும் பின்னும் ஆடுவாள், பூசாரி ஒரு கையால் விளக்கையும் ஒரு கையால் அம்மனையும் பிடித்துக்கொண்டு வாயால் டிரைவரை ஏசுவார். போன வருஷம் நம் வீட்டில் புது வண்டி நிற்கிறது, வீட்டிலேயே டிரைவரும் இருக்கிறான் என்று வந்து கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் சரி என்று சொல்லி முடிப்பதற்குள், அம்மா போய் வண்டிக்கு மஞ்சள் பூசத் துணி எடுத்துவிட்டாள்.

அந்த ஊர்வலத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் கூசுகிறது. மத்தியானம் கிளம்பி, வெயில் இறங்கி, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் போனோம். முன்னால் மேளம், அதன் பின்னால் முளைப்பாரி எடுத்த பெண்கள், அவர்கள் பின்னால் நம் வண்டி. பெண்கள் நின்றால் நான் நிற்க வேண்டும், அவர்கள் ஓரடி வைத்தால் நான் ஓரடி வர வேண்டும். ஒரு குலுக்கல் கிடையாது. பூசாரி கொஞ்ச நேரம் கழித்து அம்மனைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். பிறகு விளக்கைப் பிடித்திருந்த கையையும் எடுத்தார். ஏதோ கருகல் வாசனை வந்தது. தீச்சட்டி, சாம்பிராணி, ஜெனரேட்டர் என்று எல்லாம் இருக்கிற இடத்தில் அதை யார் கவனிப்பார்கள்? கோவில் வாசலில் வண்டியை நிறுத்தியபோது கமிட்டித் தலைவர் அம்மன் கழுத்து மாலை ஒன்றைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். கூட்டத்தில் உன்னைத் தேடினேன். நீ பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நாள்தான் என்று சொன்னால், அம்மா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, உண்மை அதுதான்.

கொடை முடிந்து மழை பிடித்த சமயம் சத்தம் ஆரம்பித்தது. வாஷி மார்க்கெட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு மான்குர்த் சிக்னலில் நிற்கும்போது உனக்குத்தான் முதலில் கேட்டது. கீழேயிருந்து ஏதோ கரகரவென்று அரைக்கிறது என்றாய். இன்னும் புது வாசனைகூடப் போகாத வண்டியில் சத்தமா என்று நான் அடுத்த நாள் எடுத்துக்கொண்டு மாட்டுங்கா வரை போய் வந்தேன். ஆமாம், சத்தம் இருந்தது. ஆனால் நின்றபோது மட்டும் இல்லை, ஓடும்போதும் இருந்தது. ஓடும்போது கேட்டால் அது ஷாஃப்ட்தான், எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற அந்த நீளக் கம்பியின் பேரிங்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். நீ இல்லை என்றாய். ஓடும்போது சத்தமே இல்லை, நின்றால்தான் வருகிறது என்றாய். எனக்கு வந்த கோபம்! நான் வண்டியோடு வாழ்ந்த காலத்துக்கு உனக்கு வயசுகூட இல்லை, உனக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னேன். நீ, உங்களுக்குத்தான் கேட்காத சத்தமெல்லாம் கேட்கிறது என்றாய்.

அதன் பிறகு நம் வீட்டில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. நான் மழைத்தண்ணீரில் சாக்கைப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தேன், அது அசையவில்லை. ஜாக்கியை எடுத்து வெளியே வைத்தோம், ஸ்பானர் பையை எடுத்தோம், ஸ்டெப்னியை இறுக்கினோம், பின்னால் தொங்கிய கறுப்புக் குஞ்சத்தைக்கூட அவிழ்த்துப் பார்த்தோம். சுமையோடு ஒருமுறை, சுமையில்லாமல் ஒருமுறை. அம்மாவைப் பின்னால் சரக்கு வைக்கிற டாலாவில் உட்காரவைத்து எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கச் சொன்னாய். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சயான் வரைக்கும் போய், நனைந்து திரும்பிவந்தாள். "சத்தம் எங்கன வருதுன்னு கேட்டா, முன்னால ரெண்டு பேரு போட்ட சண்டைதான் கேட்டுச்சு" என்றாள். அந்த வாரம் முழுக்க நாம் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வண்டியில் இரண்டு பேர் இரண்டு சத்தம் கேட்டோம், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அது எப்படி முடியும் என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. இதை மட்டும் கொஞ்சம் கவனித்துக் கேள், மணி. வீட்டில் சண்டை வந்தால், எதிரில் இருக்கிறவர் பொய் சொல்கிறார் என்று ஆரம்பிக்காதே. அவருக்கு அப்படித்தான் கேட்கிறது என்று ஆரம்பி.

சர்வீஸ் சென்டருக்கு நாம் மூன்று பேரும் போனோம், செல்வி நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு செம்பூரில் ஏதோ வாங்க வேண்டியிருந்தது. போகும்போது பாதி தூரம் நீ ஓட்டினாய், மீதி தூரம் நான் பிடுங்கி ஓட்டினேன். அங்கே சூப்பர்வைசர் என்ன சத்தம் என்று கேட்டார். நீ ஒன்று சொன்னாய், நான் ஒன்று சொன்னேன், அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்போதுதான் செல்வி, யாரையும் குற்றம் சொல்லாமல், காய்கறி விலை சொல்கிற மாதிரி பொதுவாகச் சொன்னாள்: "ரெண்டு பேரு சொல்லுததும் சரிதான். மாமா ஓட்டுனா எப்பமும் கத்துது. இவிய ஓட்டுனா கிளட்ச மிதிக்கும்போதுதான் கத்துது."

நீ அதை அவருக்கு இந்தியில் சொன்னாய். சொல்லி முடிக்கும்போதே உன் குரல் இறங்கிவிட்டதை நான் கவனித்தேன். அவர் நம் இரண்டு பேரையும் பார்த்து, கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் யாருக்கு என்று கேட்டார். ஒரு நொடி இருக்கும். எனக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. ஷாஃப்ட் இல்லை, கிளட்ச் பேரிங். பெடலை அழுத்தினால் கத்தும், விட்டால் நிற்கும். எனக்கு மட்டும் எப்போதும் கேட்டது, ஏனென்றால் என் கால் எப்போதும் அதன் மேலேயே இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் நீ, "மேரி ஆதத் ஹை சார்" என்று சொல்லிவிட்டாய். என் பழக்கம்தான் சார். அவர் விடவில்லை. வெகுநேரம் பாதிக் கிளட்ச்சில் எங்கேயாவது ஓட்டினாயா என்று கேட்டார். டிராஃபிக்கில் சார், கற்றுக்கொண்ட புதிதில் சார் என்றாய். ஊர்வலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்படியானால் இது வாரண்டியில் வராது என்றார். அதோடு விடாமல் உனக்கு ஒரு பாடமே நடத்தினார். முதலில் ஓட்டக் கற்றுக்கொள், அப்புறம் வண்டி வாங்கு என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாய். எத்தனையோ விஞ்ஞானிகளைத் தூங்கவைத்த டிரைவர் நான், உன் பக்கத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன்.

பேரிங்கோடு கழற்றிய பழைய கிளட்ச் பிளேட்டை வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். நீ வேண்டாம் என்று கையசைத்துவிட்டாய். நான் பார்க்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாய். ஆனால் நீ கவுண்டரில் நின்றபோது நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன். அடுப்பில் மறந்துபோன தோசை மாதிரி கருகிக் கிடந்தது. டிராஃபிக்கில் அப்படிக் கருகாது. கொடை அன்றைக்கு வந்த கருகல் வாசனை சாம்பிராணி இல்லை என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. நான் ஆயுசில் ஓட்டியதிலேயே நன்றாக ஓட்டிய ஓட்டம், உன் புது வண்டியைத் தின்றிருக்கிறது.

அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கம்பெனிக்காரன் மட்டமான சாமான் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று நீ அம்மாவிடம் சொன்னாய். பாவம், அந்தக் கம்பெனிக்காரன், இன்றைக்கும் நம் வீட்டில் திட்டு வாங்குகிறான். கமிட்டித் தலைவர் விசாரித்தபோதும் அதையே சொன்னாய். செல்விக்கும் எல்லாம் புரிந்திருக்கும், அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் பெயரைக் காப்பாற்றினீர்கள். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். எனக்கு உன்னை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. என் பிள்ளை எனக்காகத் தலைகுனிந்து நின்றான் என்று இந்தத் தெருவில் கத்திச் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் சொன்னால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமே.

நன்றி சொன்னாயிற்று, இனி திட்டு. வெளியாள் முன்னால் நீ மறைத்தது சரி. வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் ஏன் சொல்லவில்லை? "காலை எடுங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இரண்டு நாள் கத்தியிருப்பேன், சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன், மூன்றாம் நாள் பெடலிலிருந்து காலை எடுத்திருப்பேன். நீ சொல்லாததால் நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்றிலிருந்து உன் வண்டியை நான் தொடவே இல்லை. எனக்கு மூட்டுவலி என்று சொன்னேனே, அது சுத்தப் பொய். நீயும் நம்பி, கொடைக்குள் குணமாகட்டும் என்று செம்பூரிலிருந்து ஒவ்வொரு தடவையும் தைலம் வாங்கிவருகிறாய். அலமாரியில் வரிசையாக நிற்கிறது, அம்மா எடுத்துத் தன் முதுகில் தேய்த்துக்கொள்கிறாள். நீ எனக்காக ஒன்றை மறைத்தாய், நான் உனக்காக ஒன்றை மறைத்தேன். நடுவில் வண்டி நம் இரண்டு பேருக்கும் இல்லாமல் போய்விட்டது. நீயும் செல்வியும் இப்படி இருக்காதீர்கள். ஒருவரை ஒருவர் ஊரார் முன்னால் தாங்குங்கள், கதவைச் சாத்தியதும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட நல்ல எண்ணம் நாள்பட நாள்படக் கனக்கிறது.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். நான் ஓட்ட மாட்டேன். வருத்தத்தில் சொல்லவில்லை. நீங்கள் குடிபோன அன்றைக்குச் சாமான்களோடு உன் பக்கத்தில் உட்கார்ந்துவந்தேன் அல்லவா? அப்போது என் காலைப் பார்த்தேன். பெடலே இல்லாத இடத்தில் என் இடது கால் தரையை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தது. அதைத் திருத்த இனி என்னால் ஆகாது. மறுபடி வண்டி கருகினாலும் பரவாயில்லை என்று நினைத்துத்தான் நீ என்னை ஓட்டச் சொல்கிறாய். எனக்கு அது தெரியும். தெரிந்தே ஒரு தகப்பன் அதை வாங்கிக்கொள்ளக் கூடாது. நீ ஓட்டினாலும் இதே கதைதான். பெண்கள் நடக்கிற வேகத்துக்கு எந்த எஞ்சினும் நடக்காது.

அதனால் நேற்று நானே கமிட்டிக்குப் போனேன். பேரிங் ஏன் போயிற்று என்று உள்ளதைத் தலைவரிடம் சொன்னேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டே, "அப்பம் நாம என்ன செய்யுதது?" என்று கேட்டார். இழுப்போம் என்றேன். ஊரில் தேர் இழுப்பதில்லையா, அது மாதிரி வண்டியின் முன் கொக்கியில் இரண்டு வடம் கட்டி இழுப்போம், பிரேக்குக்காக எஞ்சின் சும்மா ஓடட்டும், கியரே போட வேண்டாம் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம், இளவட்டங்களை இப்போதே பேர் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை டிரைவர் சீட்டில் நீ உட்கார், மணி. கியரை நியூட்ரலில் போடு, இடது காலைக் கீழே வை, ஸ்டியரிங்கை நேராகப் பிடி, வலது கால் பிரேக்கில் இருந்தால் போதும். வடத்தில் முதல் ஆளாக என் பேரைக் கொடுத்திருக்கிறேன். உனக்கு நேர் முன்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் முதுகு தெரியும். மேளம் அடித்ததும் நீ பிரேக்கிலிருந்து காலை எடு. உன்னை நான் இழுத்துக்கொண்டு போகிறேன்.

அப்பா